கூப்பிடாத ஃபங்ஷன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் வெற்றிகளில் ஒன்றை எழுதித் தரும்படி பயிற்சிப் பிரிவுக்காரர்கள் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். என் வெற்றிகளெல்லாம் கம்பெனி மலரில் வேறு வேறு பெயர்களில் ஏற்கெனவே வெளிவந்துவிட்டன. என் பெயரிலேயே பத்திரமாக மிஞ்சியிருப்பவை தவறுகள்தான். அவற்றுக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. ஆகவே அவற்றில் பெரியதாக ஒன்றை எடுத்து வைக்கிறேன்.

ஃபங்ஷன் என்றால் என்ன என்று நீங்கள் கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, வெளியே வந்ததும் மறந்திருப்பீர்கள். ஒரு வேலையைத் தனியாக எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து, வேண்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவது. கூப்பிட்டால் வரும், வேலையைச் செய்யும், போய்விடும். ஒருநாள் வீட்டிலிருந்தபடி போனில், "அந்த ஃபங்ஷனைக் கூப்பிடவே இல்லையா?" என்று நான் கத்தியதைக் கேட்டு என் மாமியார் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "யார் வூட்டு ஃபங்ஷன்? நம்மள கூப்பிடலியா?" என்றார். கூப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் தெளிவு அதிகம். எனக்கு அந்தத் தெளிவு வருவதற்கு ஒரு பெண்ணின் கை வேக வேண்டியிருந்தது.

அது இரண்டாயிரத்துப் பதினொன்று. அம்பத்தூரில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஒரகடத்துக்கு வந்தவள் நான். சாலையின் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் கம்பெனி கார்களுக்கான பிளாஸ்டிக் சாமான்கள் செய்தது. முன்கண்ணாடியைக் கழுவும் தண்ணீர் நிற்குமே, அந்தத் தொட்டி எங்களுடையது. இரண்டு பாதிகளாக வார்த்து, நடுவில் ஒரு சூட்டுத் தட்டை நுழைத்து, விளிம்புகள் இளகியதும் தட்டை விலக்கி, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தொட்டி தயார். இதைச் செய்யும் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அதனால் மகளிர் தினத்தன்று கோலம் போடுவதும் என் வேலை.

எங்கள் உற்பத்தி மேலாளருக்கு விநாடிகள் மீது தீராத காதல். மனிதர் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பரிமாறுகிறவரின் கையைப் பார்த்துக் கணக்குப் போடுவார். ஒருநாள் என்னிடம் வந்து, "மேடம், உங்க புரோகிராம் ரொம்ப ஸ்லோ. ஏதாவது டிரிம் பண்ணுங்க" என்றார். மெஷின் மெதுவாக ஓடியதற்குக் காரணம் பிளாஸ்டிக் இளக நேரமாவதுதான், புரோகிராம் இல்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பிளாஸ்டிக்கைக் கூப்பிட்டுத் திட்ட முடியாது.

எனவே டிரிம் செய்தேன். மெஷினுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் என் புரோகிராமைத் தலையிலிருந்து கால்வரை ஒரு விநாடிக்குள் பல தடவை ஓட்டும். ஒவ்வொரு சுற்றிலும் பல ஃபங்ஷன்களைக் கூப்பிடும். அவற்றில் ஒன்று தட்டின் சூட்டைப் பார்த்துக்கொள்வது. சூடு குறைந்தால் ஹீட்டரைப் போடும், ஏறினால் அணைக்கும். வீட்டில் இஸ்திரிப் பெட்டி செய்வதுதான். அதன் முதல் வரியாக நான் எழுதியிருந்தது: சாவி மேனுவலில் இருந்தால் ஹீட்டரை அணை. ஏனென்றால் ஏதாவது சிக்கிக்கொண்டால் ஆபரேட்டர் மெஷினின் சாவியை, தானாக ஓடும் ஆட்டோவிலிருந்து கையால் இயக்கும் மேனுவலுக்குத் திருப்பிவிட்டுத்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். அப்போது தட்டு ஆற வேண்டும்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. மேனுவலில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. வேலையில்லாத ஃபங்ஷனை ஒவ்வொரு சுற்றிலும் எதற்குக் கூப்பிட வேண்டும்? "ஆட்டோவில் இருந்தால் மட்டும் கூப்பிடு" என்று மாற்றினேன். அதில் சில மில்லி விநாடிகள் மிச்சமாயின. மேனுவலில் மெஷின் சும்மா நின்றுகொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதாவது, நிற்கிற மெஷினை நான் வேகமாக நிற்க வைத்தேன். இதற்காக எனக்கு ஒரு சான்றிதழும் ஒரு ஹாட்பாக்கும் கொடுத்து, அறிவிப்புப் பலகையில் படம் ஒட்டினார்கள். கைதட்டியவர்களில் ஒருவர்கூட மெஷின் வேகமாகிவிட்டதா என்று கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. மூன்று முறை சாவியைத் திருப்பினேன். மூன்று முறையும் ஹீட்டரின் ஆரஞ்சு விளக்கு அணைந்துதான் இருந்தது. திருப்தியோடு பஸ் ஏறிப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை, காலை டீ இடைவேளைக்குச் சற்று முன்பு, அந்த மெஷினில் ஒரு தொட்டி சிக்கியது.

மெஷினில் இருந்தவள் செல்வராணி. முதுகுளத்தூர்ப் பக்கம். கம்பெனியின் பயிற்சி ஆபரேட்டர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹாஸ்டலில் ஏழெட்டுப் பேரோடு தங்கி கம்பெனி பஸ்ஸில் வந்துபோனாள். தொட்டி சிக்கியதும் சொல்லிக்கொடுத்தபடியே சாவியை மேனுவலுக்குத் திருப்பினாள். எலக்ட்ரீஷியன் ஏழுமலைக்கு ஆள் அனுப்பினாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தட்டு ஆறவில்லை, ஏறியது. முதலில் புகை, பிறகு தொட்டியின் விளிம்பில் தீ. அதிக சூட்டில் கரண்டை நிறுத்தும் தனிக் கட்-அவுட் ஒன்று இருந்தது. ஆனால் அது பிளாஸ்டிக்கைவிடப் பொறுமைசாலி. மெஷினை ஒட்டி முடித்த தொட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. பக்கத்து லைன்காரர்கள் ஓடினார்கள். இவள் அந்த அடுக்கை இழுத்துத் தள்ளிவிட்டு, தூணில் மாட்டியிருந்த தீயணைப்பானைக் கழற்றி அடித்தாள். அதற்குள் உருகிய பிளாஸ்டிக் சொட்டி முன்கையில் ஒட்டிக்கொண்டது. ஏழுமலை ஓடிவந்து மெயினை இறக்கினார். தீ அணைந்தது. கூரை தப்பியது. அந்த அடுக்கில் தீ ஏறியிருந்தால் இன்று இதை எழுதுவதற்கு எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

தீ அணைந்ததும் நிர்வாகம் விழித்துக்கொண்டது. மத்தியானமே விசாரணைக் கூட்டம். ஐந்து தடவை "ஏன்?" என்று கேட்டால் மூல காரணம் கிடைத்துவிடும் என்று ஒரு படிவம் உண்டு. உங்களுக்கும் சீக்கிரம் பழகிவிடும். அந்த ஐந்து கேள்விகளின் விசேஷம், எங்கிருந்து புறப்பட்டாலும் ஆபரேட்டரிடம் கொண்டுபோய் விட்டுவிடும். ஏன் தீ? தட்டு அதிகம் சூடானது. ஏன்? ஹீட்டர் அணையவில்லை. ஏன்? சாவியைத் திருப்பவில்லை. ஏன்? கவனக்குறைவு. ஏன் கவனக்குறைவு? பயிற்சி போதாது. படிவம் நிரம்பியது. எல்லோர் முகத்திலும் நிம்மதி.

செல்வராணி கையில் கட்டோடு ஓரத்தில் நின்றிருந்தாள். "நான் திருப்புனேன் சார். திருப்பிட்டுத்தேன் ஆள் அனுப்புனேன். லைட்டு அணையல, எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றாள்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் புரோகிராமை அச்சடித்துக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஃபங்ஷனின் முதல் வரியை மஞ்சள் பேனாவால் வேறு அடிக்கோடிட்டிருந்தேன். எல்லோருக்கும் காட்டினேன். "மேனுவல் என்றால் ஹீட்டரை அணை. முதல் வரியே இதுதான் சார். சாவியைத் திருப்பியிருந்தா விளக்கு அணைஞ்சிருக்கணும். புரோகிராம் பொய் சொல்லாது" என்றேன்.

அப்படியே சொன்னேன். புரோகிராம் பொய் சொல்லாது என்றால் அந்த அறையில் பொய் சொல்வது யார் என்று எல்லோருக்கும் புரிந்தது. பயிற்சிக் காலத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்கள். அதற்கு முன்னால் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று மேலாளர் அவசரப்பட்டார். சாவி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் படித்தவர்கள். பார்க்காமலே கண்டுபிடிப்போம்.

மறுநாள் காலை ஏழுமலை என் மேஜைக்கு வந்தார். வடக்குப்பட்டுக்காரர். காண்ட்ராக்டில் வேலை. என்னிடம் அதிகம் பேசமாட்டார்.

"இன்னா மேடம், அந்தப் பொண்ண அனுப்பறாங்களாமே?"

"ஆமா. சாவியைத் திருப்பல."

"யாரு சொன்னது? நான் வந்து பாக்கசொல்ல சாவி மேனுவல்லதான் கீது. லைட்டும் எரிஞ்சிகினு கீது. ரெண்டையும் இந்தக் கண்ணால பாத்துட்டுத்தான் மெயினை எறக்கினேன்."

"இதை நேத்து மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே?"

ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னை யாரு கூப்ட்டாங்க?"

அவருக்கு ஏதாவது குழப்பமாக இருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். நிரூபித்துக் காட்டுவதற்காக, சாப்பாட்டு இடைவேளையில் லைன் காலியானதும் அவரையே அழைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனேன். தட்டைத் துடைத்துப் பழுதுபார்த்து வைத்திருந்தார்கள். ஆட்டோவில் ஓடவிட்டேன். சாவியைத் திருப்பினேன். விளக்கு அணைந்திருந்தது. "பாத்தீங்களா?" என்றேன். மறுபடி ஓடவிட்டுத் திருப்பினேன். அணைந்திருந்தது. "பாத்தீங்களா?" நான்காவது தடவை திருப்பியபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணையும் என்று காத்திருந்தேன். அது அணைவதாக இல்லை. தட்டின் மேல் காற்று நெளிய ஆரம்பித்தது. ஏழுமலை போய் மெயினை இறக்கினார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அணைக்கச் சொல்லும் வரி ஃபங்ஷனுக்கு உள்ளே இருக்கிறது. மேனுவலில் அந்த ஃபங்ஷனையே கூப்பிடாதே என்று வாசலில் ஆள் நிறுத்தியவள் நான். உள்ளே இருக்கும் வரி எத்தனை நல்ல வரியாக இருந்தால் என்ன? ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடாவிட்டால் அது தொட்ட ஹீட்டர் தானாக அணைந்துவிடாது. கடைசியாக என்ன சொல்லப்பட்டதோ அதிலேயே நிற்கும். சாவி திரும்பிய நொடியில் ஹீட்டர் அணைந்திருந்தால் அணைந்தே இருக்கும். எரிந்துகொண்டிருந்தால் எரிந்துகொண்டே இருக்கும். என் மூன்று சோதனைகளிலும் அது அணைந்திருந்த நேரமாகப் பார்த்துத் திருப்பியிருக்கிறேன். அதிர்ஷ்டத்தை நான் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது உங்களுக்கு நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். தவறு இதுவல்ல. இது எல்லோரும் செய்வது. நீங்களும் செய்வீர்கள், வாழ்த்துக்கள். தவறு அடுத்த இரண்டு மணி நேரத்தில் நடந்தது.

மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். 'ஆட்டோவில் இருந்தால் மட்டும்' என்ற அந்த ஒரே ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டேன். ஃபங்ஷனை எப்போதும் கூப்பிடு. இரண்டு நிமிஷ வேலை. மெஷினில் ஏற்றி, இந்த முறை முப்பது தடவை திருப்பிப் பார்த்தேன். முப்பது தடவையும் விளக்கு எரியும் நேரம் பார்த்துத்தான் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் அணைந்தது. பிறகு மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்புறம் என்ன மேடம்? நாளைக்குக் கஸ்டமர் வர்றாங்க. ரிப்போர்ட்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப போய் புரோகிராம் தப்புன்னு சொன்னா, நம்ம எல்லா மெஷினையும் சந்தேகப்படுவாங்க. அந்தப் பொண்ணுக்கு இந்த ரோட்டுல வேற கம்பெனி கிடைக்காதா? தினம் வாசல்ல போர்டு மாட்டி ஆள் எடுக்கறாங்க."

நான் அவரை எதிர்த்துப் பொங்கி எழுந்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. "சரி சார்" என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்கு வந்தேன். அவர் சொன்னதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மெஷினைச் சரிசெய்தாகிவிட்டது, இனி யாருக்கும் ஆபத்தில்லை, அவளுக்கும் வேறு வேலை கிடைத்துவிடும். பின்னே என்ன? பலகையில் என் படமும் அப்படியே இருக்கும். இரண்டு மணி நேரம் அந்தச் சௌகரியத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறொரு மெஷினின் புரோகிராமைத் திறந்துவைத்து, ஒரு எழுத்துகூடப் படிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்னிடம் இன்றுவரை ஒரு சமாதானமும் இல்லை.

மூன்று மணிக்கு மேல் பணியாளர் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். அவளை அனுப்பும் கடிதத்தில் தொழில்நுட்பப் பிரிவு சார்பில் ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். போனேன். செல்வராணி சீருடையை மாற்றிவிட்டுச் சுடிதாரில் நின்றிருந்தாள். அடையாள அட்டை மேஜை மேல் இருந்தது. அதிகாரி கடிதத்தை வாசித்தார். "கவனக்குறைவின் காரணமாக" என்ற இடத்தில் அவள் குறுக்கிட்டாள்.

"சார், அனுப்புறதுன்னா அனுப்புங்க. நான் ஒண்ணும் சொல்லல. கவனக்குறைவுன்னு மட்டும் எழுதாதீக. அடுத்த கம்பெனில இந்தக் காயிதத்தத்தேன் கேப்பாக."

"உள்ளதைத்தானே எழுதணும்மா?" என்றார் அதிகாரி. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் கடிதத்தில் அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உள்ளது இல்லை சார்" என்றேன். "அவ சாவியைத் திருப்பினா. என் புரோகிராம்தான் அணைக்கல. நான் மாத்தினதுல வந்த தப்பு. மத்தியானம் நானே செஞ்சு பாத்தேன். ஏழுமலையும் கூட இருந்தார்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "இதை நேத்தே சொல்லக் கூடாதா மேடம்? நாலு காப்பி டைப் பண்ணிட்டேன்" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு.

செல்வராணி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். நன்றியெல்லாம் இல்லை. "அப்ப நேத்து ஏன் மேடம் பொய் சொல்லாதுன்னீக?" என்று கேட்டாள். "எனக்கு நேத்து தெரியாது" என்றேன். "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மேலாளர் என்னை முன்னால் தள்ளிவிட்டுத் தூணோரமாக நின்றுகொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர்களில் ஒருவர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர், முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதே மாதிரி வேற எத்தனை மெஷின்ல எழுதியிருக்கீங்க?"

நான் அதை யோசிக்கவே இல்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் இருந்தேன். தேடிப் பார்த்தோம். இன்னும் மூன்று மெஷின்கள். எல்லாவற்றிலும் அதே சாமர்த்தியம், அதே கை. ஒன்று, சிக்கலெடுத்து மறுபடி ஓட்டும்போதெல்லாம், பழுப்பு நிறமாகக் கருகிய தொட்டிகளைக் கொஞ்ச நாளாகவே துப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவற்றை மூலப்பொருள் கோளாறு என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். மூன்றையும் நிறுத்தினோம். அன்றைய லாரி பாதி காலியாகப் போனது. அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, நிறுத்தாத மெஷின்களின் பொறுப்பாளருக்குப் போனது. அவர் நன்றாக இருக்கட்டும். அவர் மெஷின்களை அதற்கப்புறமும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

செல்வராணி வேலையில் தொடர்ந்தாள். ஆனால் விஷயம் முடியவில்லை. படிவம் இருக்கிறதே. அது இப்போது கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. காரணம் என்ற இடத்தில் ஆள், மெஷின், மூலப்பொருள், முறை என நான்குதான். புரோகிராம் எழுதியவள் என்று ஐந்தாவது கிடையாது. "மெஷின்" என்று போட்டோம். ஒரு பாவமும் அறியாத மெஷின். அதன் பிறகும் பதிவை மூட முடியவில்லை. ஆபரேட்டருக்கு மறுபயிற்சி கொடுத்த தாளை இணைக்காவிட்டால் கம்ப்யூட்டர் விடாது. எந்தத் தீ விபத்தாக இருந்தாலும் யாராவது ஒரு ஆபரேட்டர் பயிற்சி பெற்றே ஆகவேண்டும் என்பது அதன் கொள்கை.

ஆகவே, சாவியைச் சரியாகத் திருப்பிய பெண்ணுக்குச் சாவியைத் திருப்புவது எப்படி என்று ஒரு மணி நேரம் பயிற்சி. பயிற்சியாளர் நான். தாளை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனேன். அவள் கையில் கட்டைப் பிரித்திருந்தார்கள். தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது. "மன்னிச்சிடு செல்வராணி" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும் மேடம்" என்றாள். "பாடம் நடத்த வேணாம். நான் திருப்புறேன், நீங்க லைட்டப் பாருங்க. எப்பத் திருப்புனா அணையலன்னு எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. சூடு ஏறும் சத்தத்தைக் கேட்டு, விளக்கு பற்றிய அடுத்த நொடி திருப்பினாள். அணையப் போகும் நொடியில் திருப்பினாள். பாதி திருப்பி நிறுத்தினாள். வேகமாக முன்னும் பின்னும் ஆட்டினாள். தட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது திருப்பினாள். இந்தக் கடைசியை நான் என் முப்பது தடவைகளில் ஒருமுறைகூடச் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் விளக்கு அணைந்ததைப் பார்த்து நான் டிக் போட்டேன். ஒரு மணி நேரம் முழுவதும் நடந்தது.

முடிந்ததும் தாளில் கையெழுத்து. பயிற்சி அளித்தவர், பயிற்சி பெற்றவர் என்று இரண்டு கட்டங்கள். தாளை அவளிடம் நீட்டினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, பயிற்சி அளித்தவர் என்ற கட்டத்தில் நிதானமாகத் தன் பெயரை எழுதி, பேனாவை என்னிடம் கொடுத்தாள். மிச்சமிருந்த கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாள் பல தணிக்கைகளைக் கண்டது. இரண்டு கையெழுத்தும் இருக்கின்றனவா என்று எல்லோரும் பார்த்தார்கள். யார் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று ஒருவரும் படிக்கவில்லை.